மதி

கஞ்சிக்கோட்டில் வீடு பிடித்த மூன்றாம் நாள்
ஹம்சா கடையில் தக்காளி வாங்கிக்கொண்டிருந்தேன்.
விரலை உருவிக்கொண்டு
லாரிகள் போகும் பக்கமாய் ஓடினாள் மகள்.
"மதி! மதி! மதி!" என்று கத்தினேன்.
தூக்கிக்கொண்டு திரும்பினால்
தராசில் நாலே நாலு தக்காளி.
போதும் போதும் போதுமென்று
மும்முறை அலறியவனை ஒரு மாதிரி பார்த்தபடி
பையைக் கட்டிக்கொண்டிருந்தார் மனிதர்.

இளமதி என்று பேர் வைத்தது கரூரில்,
ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று
தேய்பிறையா வளர்பிறையா என்று
நானும் சுகந்தியும் சண்டை போட்ட இரவில்.
கணவாய்க்கு இந்தப் பக்கம்
அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருப்பது
யாருக்குத் தெரியும்.

கீழ்வீட்டுக் கல்யாணத்தில்
பாயச வாளி எங்கள் வரிசைக்கு வந்த நேரம்
இவள் இலையைக் கிழித்தாள்.
வாய் தவறிப் பேரைச் சொல்லி அதட்டினேன்.
வாளி அடுத்த இலைக்குப் போய்விட்டது.
அடைப் பிரதமன்.
இன்னும் வருத்தம் இருக்கிறது.

இதாவது பரவாயில்லை.
ஒரு நாள் காலை, சத்தம் போடாமல் கதவைத் திறந்து
எதிர்வீட்டு லிஸ்ஸியிடம்
"பாப்பா தூங்கிருச்சு" என்று கிசுகிசுத்தேன்.
நைட் டூட்டி முடித்து வந்த நர்ஸ்.
பையைப் போட்டுவிட்டு என்னை இடித்துத் தள்ளி
உள்ளே ஓடினார்.
முதலில் ஃபேனைப் பார்த்தார்.
பிறகு தொட்டிலை.
பிறகு என்னை, வெகுநேரம்.
இங்கே தூங்குவதென்றால் தொங்குவதாம்.
"உறங்கீன்னு பறயூ" என்றார், கை நடுங்க.
உறங்கு.
செய்யுளோடு மனப்பாடம் செய்து
பரீட்சை ஹாலில் விட்டுவந்த சொல்.
இந்தத் தெருவில் நைட்டி போட்டுக்கொண்டு நடமாடுகிறது.

இருபத்திரண்டு மாதம் ஆகிறது.
அவள் இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை.
"ரெண்டு பாஷை காதுல விழுது, பொறுங்க" என்றார் டாக்டர்.
"ஊரு விட்டு ஊரு போனா இப்படித்தான்" என்றார் மாமியார், போனில்,
ஸ்பீக்கர் போட்டிருப்பது தெரிந்தே.
சுகந்தி பதில் சொல்லவில்லை.
இரும்பு ஆலைச் சீருடையை வாளியில் அமுக்கினாள்.
தண்ணீர் கறுத்தது.
வேலை அவளுடையது.
கரூர்ப் போர்வைக் கம்பெனிக்கு
லேப்டாப்பில் கணக்கு எழுதுகிறவன் நான்,
குழந்தை தூங்கும் நேரங்களில்.
உறங்கும் நேரங்களில்.
யாருக்காக வந்தோம் என்று
நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

தை மாதம் காற்று பிடித்துக்கொண்டது.
கிழக்கே இருந்து,
வாளையாறு செக்போஸ்ட்டில் நிற்காமல் வருகிற காற்று.
கொடியில் கிடந்த குட்டி ஜட்டிகளை
பனைமரம் வரைக்கும் கொண்டுபோனது.
பொறுக்கி வந்தேன்.
ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. மஞ்சள் கலர்.

அன்று ராத்திரிதான்.
சிவப்பரிசிச் சோற்றைக் குழையப் பிசைந்து
பருப்பும் நெய்யும் விட்டு
ஊட்டிக்கொண்டிருந்தேன்.
தயிருக்கு உறைமோர் கேட்டு வந்த லிஸ்ஸி
வாசலில் நின்றார்.
நாலு வாய் வாங்கினாள்.
ஐந்தாவதைத் தள்ளிவிட்டு
மிகத் தெளிவாக, ஏதோ தினமும் சொல்கிற மாதிரி
"மதி" என்றாள்.

"பேரச் சொல்லிட்டா!"
சுகந்திக்குக் குரல் உடைந்துவிட்டது.
தட்டைத் தாண்டி வந்து
குழந்தையை விட்டுவிட்டு என்னைப் பிடித்து உலுக்கினாள்.
"ஏய், அல்லா," லிஸ்ஸிக்குச் சிரிப்பு,
"வயறு நெறஞ்ஞு. அதா பறஞ்ஞது."
"அவ பேருங்க அது!"
"மலையாளமா மோளே, நல்ல மலையாளம்!"
பிறகு இருவரும்
நான்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்பதுபோல்
என்னைப் பார்த்தார்கள்.

இன்னொரு கவளம் உருட்டி நீட்டினேன்,
சோதித்துப் பார்க்க.
உதட்டை இறுக்கிக்கொண்டாள்.
சோறு ஒட்டிய உள்ளங்கையைத்
தன் நெஞ்சில் வைத்து
சட்டை முழுக்க அப்பித் துடைத்துக்கொண்டு
மறுபடியும் சொன்னாள்.